தொகை, வகை, விரி: வழிநூலாசிரியர் பட்ட கடன்

முன்னோர் செய்த நூலினின்றும் பொருளும் நடையும் கொண்டு பின்னோர் ஒருவர் நூல் செய்வராயின், அஃது அவர்க்குப் பெருமையோ சிறுமையோ என்னும் வினா இக்காலத்துப் பலராலும் எழுப்பப்படுகின்றது. புதிது புனைதலொன்றே புலமைக்கு அடையாளம் என்று கருதுவார், பிறர் வழி நின்றாரை இரவலர் வரிசையில் வைத்தெண்ணுவர். மற்று, நம் பெரியோர் நூல்கள் ஒருவர்க்கும் கடன்படாது தாமே தோன்றின என்று நாட்டப் புகுவாரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு பிழையையே இருபுறத்தும் நின்று செய்கின்றனர். கொள்ளுதல் இழிவென்று இருவரும் உடன்பட்டமையாலன்றோ ஒருவர் பழிக்கவும் மற்றவர் மறைக்கவும் தலைப்படுகின்றனர்! அஃது இழிவுதானோ என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

தமிழிலக்கண நூலார் இதனை ஐயத்துக்கிடமின்றி விளக்கியுள்ளனர். தொல்காப்பியர் மரபியலில் நூலினை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலினைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தினார். பவணந்தியார் சார்புநூலினையும் உடன்கூட்டி, வழிநூல் செய்வோன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளுதற்கு இடங் கொடுத்து, மரபு மட்டும் கெடுதல் கூடாதென வரையறுத்தார். முன்னோர் சொல்லை எடுத்தாளுதலையும் அவர் குற்றமாகக் கொண்டிலர். ஆகவே, ஒருவன் பிறரிடத்துக் கொண்டானோ என்பது நம் ஆன்றோர்க்கு வினாவாகத் தோன்றிற்றில்லை. கொண்டதனை அவன் என் செய்தான் என்பதே அவர்தம் ஆராய்ச்சி.

அவ்வாராய்ச்சிக்குத் திருத்தொண்டர் புராணத்தினும் சிறந்த களன் பிறிதில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் அருளிச்செய்த திருத்தொண்டத்தொகை 11 பாட்டுக்களையுடையது. அடியார் திருப்பெயரும் சிலவிடத்து ஓர் அடைமொழியுமே அதன்கண் உள்ளன. நம்பியாண்டார் நம்பிகள் அதற்கு வகைநூலாகத் திருத்தொண்டர் திருவந்தாதியை ஏறக்குறைய 90 கட்டளைக்கலித்துறைகளாற் செய்து, அடியாரது ஊரும் அருஞ்செயலும் ஒன்றிரண்டு பாட்டிற் சுருங்க வைத்தார். 12ஆம் நூற்றாண்டில், அநபாயன் எனப்பட்ட இரண்டாங் குலோத்துங்க சோழனுக்கு (1133–1150) அமைச்சராயிருந்த சேக்கிழார் சுவாமிகள் அவ்விரண்டனையும் 4,200க்கு மேற்பட்ட பாட்டுக்களால் விரித்தார். தாம் இன்னார் வழி நிற்கின்றோம் என்பதனை அவர் மறைத்தாரல்லர். நம்பிகளைத் தம் தலைவரெனப் போற்றி, அவர் கூறிய வகையினின்றும் வழுவாது கூறுவதாக நூற்றொடக்கத்தே உறுதி சொல்லுகின்றார்.

நூலின் கட்டுக்கோப்பும் இதற்குச் சான்றாகும். பெரியபுராணம் 13 சருக்கங்களையுடையது. முதலாவதாகிய திருமலைச் சருக்கமும் இறுதியதாகிய வெள்ளானைச் சருக்கமும் நீங்க, இடைப்பட்ட 11 சருக்கங்களும் தொகையின் 11 பாட்டுக்களுக்கு நிரலே ஒத்தவை. அவற்றின் பெயர்களும் அப்பாட்டுக்களின் முதற்றொடர்களே. தில்லைவாழந்தணர் சருக்கம், இலைமலிந்த சருக்கம், மன்னியசீர்ச் சருக்கம் என்பன போல்வன காண்க. சருக்கந்தோறும் இறுதிக்கண் சுந்தரர் நினைக்கப்படுகின்றார். ஒரு பதிகம் ஒரு பெருங்காப்பியத்துக்குள் அழியாது, அதன் எலும்புச் சட்டமாய் நின்று நிலவுகின்றது.

இம்மூன்று நூல்களையும் வித்தும் முளையும் மரமும் போலும் என்பர். அவ்வுவமை ஒருவாற்றாற் பொருந்துமாயினும், ஓரிடத்துக் குறைபடுகின்றது. வித்துத் தன் இயல்பானே மரமாகின்றது. இதனை வளர்ப்பேன், இதனை விடுவேன் என்று ஆய்வதில்லை. புலவனோ ஆய்ந்தே கொள்ளுகின்றான். அவ்வாய்வினைக் காரைக்காலம்மையார் புராணத்தில் தெளியக் காணலாம்.

தொகையில் அம்மையார்க்குக் கிடைத்தது ஒரு சொல்: பேயார் என்னும் பொருள்படும் பெயர் மட்டுமே. யார், எவ்வூரார், எதனாற் பேயுருவம் பெற்றார் என்பன ஒன்றும் அங்கில்லை. நம்பிகள் ஒரு பாட்டில் திருக்கயிலை நிகழ்ச்சியைத் தருகின்றார். இறைவன் மலையைக் காலான் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தேறியதும், அதுகண்டு உமையம்மை நகை கொண்டதும், இறைவன் அம்மை என அழைத்ததும் அதன்கண் உள்ளன. மாங்கனி வரலாறு அதில் இல்லை. அம்மையார் தம் பாடல்களிலும் இல்லை. சேக்கிழார் 66 பாட்டுக்களிற் கூறும் வரலாற்றில் பெரும்பகுதி அக்கயிலைக் காட்சிக்கு முற்பட்டது: காரைக்காலில் தனதத்தன் மகளாராகப் பிறந்தது, பரமதத்தனை மணந்தது, கணவன் விடுத்த இரு கனிகளுள் ஒன்றனைப் பசித்து வந்த அடியார்க்கு இட்டது, இறைவன் அருளால் வேறு கனி பெற்றது, அதன் சுவை வேறுபாட்டால் உண்மை வெளிப்பட்டது, அஞ்சிய கணவன் கடல் கடந்து பின் பாண்டிநாட்டில் வேறு மணஞ்செய்துகொண்டது என்பன.

இவற்றைச் சேக்கிழார் நாட்டு வழக்கிற் கேட்டனராதல் கூடும். எங்ஙனம் கொண்டாராயினும், அவற்றை அமைத்த முறையே ஈண்டு உணரற்பாலது. நம்பிகள் பாட்டின் உயிர்நிலை ‘அம்மை’ என்னும் ஒரு விளியாம். பிறப்பும் இறப்புமில்லாத முதல்வன் ஒரு மனிதப் பெண்ணைத் தாய் என்று அழைத்தல் எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பார்க்கு விடை வேண்டும். சேக்கிழார் அவ்விளிக்கு முன்னே பிறிதொரு காட்சியை வைக்கின்றார். சுற்றத்தார் அம்மையாரைக் கணவனிடத்து அழைத்துச் செல்ல, அவன் தன் இரண்டாம் மனைவியோடும் புனிதவதி என்றே பெயரிட்ட மகளோடும் வந்து அவர் அடியில் வீழ்கின்றான். இவர் மானிடரல்லர், வணங்கத்தக்க தெய்வம் என்கின்றான். மனைவி என்னும் உறவு அங்கேயே அற்றது. தசைப்பொதியாகிய வனப்பினை அம்மையார் உதறி நீக்குதல் அதன் பின்னரே நிகழ்கின்றது. ஆதலின், கயிலையில் இறைவன் அம்மை என்று அழைக்கும்போது அது கேட்பார் உள்ளம் திடுக்குறுவதில்லை. அவர்க்கு உலகில் எஞ்சிய உறவு அதுவொன்றே என்று முன்னரே உணர்ந்துள்ளது. முன்னோர் ஒருவர் ஒரு சொல்லில் வைத்துப்போன பொருளைப் பின்னோர் ஒருவர் ஒரு வாழ்க்கையாக நமக்குக் காட்டினார்.

இன்னும் ஒன்று. அம்மையார் தம் அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்தில், பிறந்து பேச்சுக் கற்ற நாள் தொட்டே இறைவன் திருவடியில் அன்பு மிக்க செய்தியைத் தாமே குறிப்பிடுகின்றார். சேக்கிழார் அவர்தம் பிள்ளைப்பருவம் கூறுமிடத்து, தளர்நடைப் பருவத்தும் மொழி பயிலும் பருவத்தும் அவ்வன்பு விளங்கியதாகவே பாடுகின்றார். ஆகவே, பெயர் சுந்தரரிடத்தும், கயிலைச் செய்தி நம்பிகளிடத்தும், இளமை அம்மையார் தம்மிடத்துமே கொள்ளப்பட்டன. கொண்ட மூன்றும் மூன்று நிறமாய்த் தோன்றாது ஒரே ஆடையாய் நெய்யப்பட்டமையே சேக்கிழாருடைய தொழில்.

இதுகாறும் கூறியது பொருள் வந்த வழி. வடிவம் வந்த வழி இதனினும் வியப்புடைத்து. 6ஆம் நூற்றாண்டினர் என்று பலராலும் கொள்ளப்படும் அம்மையார் திருவாலங்காட்டைப் பாடிய இரண்டு பதிகங்களும் 11 பாட்டுக்களையுடையன, இறுதிப் பாட்டிற் பாடினார் பெயரும் பாடுவார் பெறும் பயனும் கூறுவன, பண்ணோடு பொருந்தியன. தேவார மூவருள் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் கைக்கொண்ட பதிகவமைதிக்கு இவையே முன்மாதிரி. மூத்த திருப்பதிகம் என்று அவற்றுக்கு வழங்கும் பெயரே பின்னோர் அம்முதன்மையை ஒப்புக்கொண்டமைக்குச் சான்று. அங்ஙனமே, 101 வெண்பாக்களாலாகிய அற்புதத் திருவந்தாதி, அந்தாதித் தொடையை ஒரு தனி நூலாக நடத்திய முன்னோடி நூல்களுள் தலையாயது. அவரது திருவிரட்டைமணிமாலை வெண்பாவும் கட்டளைக்கலித்துறையும் மாறிமாறி வரத் தொடுக்கப்பட்டது.

இதனாற் பெறப்படுவது யாது? தொகை என்பது பதிகம். வகை என்பது கட்டளைக்கலித்துறை அந்தாதி. தொகையில் ஒரு சொல்லாலும் வகையில் ஒரு பாட்டாலும் போற்றப்பட்ட பேரம்மையாரே அவ்விரு நூல்களும் வார்க்கப்பட்ட கலங்களை முன்னே வனைந்து வைத்தவர். சுந்தரர் 11 பாட்டு என்னும் அளவினை மரபிற் பெற்றார். அவ்வளவே பின் 11 சருக்கங்களாயிற்று. பாடப்பட்டோர் பாடினார்க்கு ஆசிரியருமாயினர். பொருட்கடனைச் சேக்கிழாரும் நம்பிகளும் வாயாரச் சொல்லினர். வடிவக்கடனையோ எவரும் எடுத்துச் சொல்லிற்றிலர். ஏனெனின், தாய்மொழி போல அஃது அவர்க்குள் இயல்பாய்க் கலந்துவிட்டது. முன்னோர் ஒருவரது ஆற்றல் பின்னோர்பாற் சென்று சேரும் நெறிகளுள் மிக ஆழமானது இதுவேயென்க.

அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டினை மிதிக்க அஞ்சித் திருஞானசம்பந்தர் அயலிலே தங்கினார் என்று சேக்கிழார் கூறுகின்றார். அவ்வாறு அஞ்சியவர் அத்தலத்தைப் பாடாதிருந்தாரல்லர். பழையனூர் நீலியின் செய்தி முதலாக அம்மையார் பாடாத பொருளையும் அமைத்துத் தமக்குரிய பதிகமொன்று பாடினார். மூத்தோர் அடிச்சுவட்டை மிதியாமையும், அவர் பாடிய இடத்தைத் தம் குரலாற் பாடுதலும் ஒருவரிடத்தே ஒருங்கு நின்றன.

விரித்தல் என்னும் உரிமையைப் பெற்ற ஒருவர் எங்கே நிற்றல் வேண்டும் என்பதனையும் சேக்கிழாரே கற்பிக்கின்றார். திருஞானசம்பந்தர் புராணம் 1,256 பாட்டு. திருநாவுக்கரசர் புராணம் 429 பாட்டு. சுந்தரருடைய தந்தையாராகிய சடையனார்க்கும் தாயாராகிய இசைஞானியார்க்குமோ ஒவ்வொரு பாட்டே. காப்பியத் தலைவரைப் பெற்றோர்க்கு வரலாறு கட்டுதல் அவர்போலும் புலவர்க்கு அரிதன்று, கேட்போரும் விரும்பியிருப்பர். முன்னோர் மொழியும் நாட்டு வழக்கும் கொடாதவிடத்துச் சேக்கிழார் நாவடங்கினார். 66 பாட்டாக விரிந்த இடத்துக் காணும் புலமையினும் ஒரு பாட்டில் அடங்கிய இடத்துக் காணும் புலமை குறைந்ததன்று.

ஆற்றல் சொல்லினின்று சொல்லுக்கு மட்டும் செல்வதுமன்று. முதலாம் இராசேந்திரன் (1012–1044) எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலில் ஆடல்வல்லான் திருவுருவின் கீழ் அம்மையார் அமர்ந்திருத்தலைக் காணலாம். சேக்கிழார் பாடுதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே கற்றச்சர் அவரைப் பாடிவிட்டனர். பெரியபுராணத்துக்குப் பின், இரண்டாம் இராசராசன் காலத்துத் தாராசுரம் ஐராவதேச்சரத்தில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு புடைப்புச் சிற்பங்களாகத் தொடர்ந்து அமைந்தன. கல்லிற் கண்டதனைப் புலவர் கேட்பார் செவிக்கு ஆக்குவதும், செவியிற் கேட்டதனைத் தச்சர் மீளக் கல்லில் ஆக்குவதுமாக இக்கொடை இருவழியும் ஓடிற்று.

இனி, நம்மவர் பலர் பேசத் தயங்கும் பகுதிக்கு வருவாம். உமாபதி சிவாசாரியர் அருளியதாக வழங்கும் சேக்கிழார் புராணம், அநபாயன் சீவகசிந்தாமணியிற் சிந்தை வைத்திருந்தமை கண்டு, அவனை நெறிப்படுத்தற்கே சேக்கிழார் அடியார் வரலாற்றினைக் கூறத் தொடங்கினார் என்கின்றது. மறுத்தற்கென்று எழுந்த நூல் மறுக்கப்பட்ட நூலுக்கு யாதும் கடன்படவில்லையோ? நடுநிலையின் நோக்குவார், பட்டதென்றே கூறுவர். தேவாரத்திலும் ஆழ்வார் பாசுரங்களிலும் வளர்ந்த விருத்தயாப்பினைப் பெருங்காப்பியம் முழுதுக்கும் ஊர்தியாக்கி வெற்றி கண்டவர் திருத்தக்கதேவர். மழை, ஆறு, வயல், நகர் என நாட்டு வளம் விரித்துக் காப்பியத்துள் நுழையும் வாயிலும் அவர் நூலிற் செவ்வனே அமைந்தது. சேக்கிழார் அவ்வாயில் வழியே புகுந்தார் என்றல் அவர்க்கு இழுக்கன்று. அவ்வியாப்பினைத் தேவரும் முன்னோரிடத்தே பெற்றாராதலின், ஒரு குளத்து நீரையே இருவரும் முகந்தனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சிந்தாமணி 13 இலம்பகம், பெரியபுராணம் 13 சருக்கம். ஆதலின் எண்ணும் கடனே என்று ஒருவர் கூறலாம். அது பொருந்தாது. 11 என்னும் எண் தொகையால் வந்தது. முதலும் முடிவும் கூட 13 ஆயிற்று. வெளித்தோற்றத்து ஒப்புமை எல்லாம் கடனுக்குச் சான்றாகா. காரணம் வேறு கிடைத்தவிடத்து ஒப்புமையை விடுதலே ஆராய்ச்சி நெறி.

கொண்டதனைச் சேக்கிழார் என் செய்தார் என்பது திருநகரச் சிறப்பிற் புலனாகும். நகர்ச்சிறப்பென்றால் மாடமும் வீதியும் மகளிரும் அரண்மனைச் செல்வமும் வருணித்தல் காப்பிய வழக்கு. சேக்கிழார் திருவாரூரின் பொலிவினைச் சிறிது கூறியபின், ஆன்கன்று ஒன்றனுக்காகத் தன் ஒரு மகனைத் தேர்க்காலில் இட்ட மனுச்சோழன் வரலாற்றினை அவ்விடத்து வைத்தார். நகரின் சிறப்பு நீதி என்று அப்பகுதி கூறாமற் கூறுகின்றது. உறுப்பு முன்னிருந்தது, உள்ளீடு புதிது. மாற்றார் வகுத்த கலத்தில் தம் உணவினை அட்டுப் படைத்தல் தோல்வியன்று. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை வகுத்ததும், சைவ மடத்துச் சூழலிற் கல்வி பெற்ற சாமிநாதையரவர்கள் 1887இல் அதனை அச்சேற்றியதும் நினைக்குமிடத்து, நம்மவருள் மெய்ப்புலமையுடையார் பிறர் நூலின் சிறப்பினை ஒருகாலும் மறைத்திலர் என்பது விளங்கும்.

இவ்வளவையைச் சேக்கிழார்க்குப் பின் வந்தார்மேலும் வைத்துப் பார்த்தல் முறை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை யாவரும் அறிந்ததே. சேக்கிழார் கூறிய திருநாளைப்போவார் வரலாற்றில், தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாயனார் நாள் கடத்தியதற்குக் காரணம் அவர் உள்ளத்தினுள்ளே இருந்தது. தம் பிறப்பினை நினைந்து எழுந்த அச்சமும், அவ்வச்சத்தை மீதூர்ந்த காதலும் மாறிமாறி அவரை நிறுத்தியும் செலுத்தியும் வந்தன. பாரதியார் வேதியராகிய நிலக்கிழார் ஒருவரைப் படைத்து, அவர் விடைகொடாமையால் நந்தனார் தடைப்பட்டதாக அமைத்தார். உள்ளிருந்த தடை புறத்தே வந்துநின்றது. தொகை கொடுத்த பெயரின் பொருளே இதனால் வேறுபட்டது.

சேக்கிழார்மேற் பிள்ளைத்தமிழ் பாடியவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலில் தயங்கினார் என்றும், பாரதியார் பாடக் கேட்டு உருகிய பின்னர் அளித்தார் என்றும் சாமிநாதையரவர்கள் எழுதியுள்ளார்கள். அத்தயக்கமும் தக்கது, அவ்வுருக்கமும் தக்கது. பாரதியார் படைத்த நிலக்கிழார் புராணத்தில் இல்லையாயினும், காவிரி நாட்டு வயற்புறங்களில் இருந்தார். பண்ணையாட்கள் பட்ட துயரினைக் கண்ட ஒருவர் நந்தனாரது ‘நாளை’ என்னும் சொல்லில் அதனைக் கேட்டது பொய்யன்று. ஆயினும் அந்நூல் சேக்கிழாரை விரித்த வழிநூல் என்று கூறல் இயலாது; சார்புநூல் என்று வைத்து, அதன் தகுதி நோக்கி மதித்தலே நேர்மை. கீர்த்தனையின் கதையினைப் புராணத்தின் கதையாகவே எண்ணி, நிலக்கிழாரைச் சேக்கிழார் வாக்கில் தேடுவார் இன்றும் உளர். பிற்காலத்து ஒலி முற்காலத்து ஒலியை மூடிவிடுதல் இவ்வாறே நிகழும். அதனைப் பிரித்துக் காட்டுதல் திறனாய்வோன் கடமை.

ஆகவே, பின்னோர் ஒருவரை ஆராயுமிடத்து மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். முன்னோர் குறிப்பாய் வைத்த எப்பொருளை இவர் விளங்கச் செய்தார்? முன்னோர் கொடாத எவ்விடத்து இவர் அடங்கி நின்றார்? வேறுபட்ட இடத்து அவ்வேறுபாடு எவ்வுண்மையைக் காட்டற்கு எழுந்தது? இம்மூன்றுக்கும் விடை பெறாது, இவர் புதியர் என்று புகழ்தலும் இவர் வழிமொழிந்தார் என்று இகழ்தலும் பயனற்ற சொற்களேயாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஓர் இடர் நம் கல்விமுறையிலேயே உண்டு. திருமுறை அடைவில் தொகை ஏழாந் திருமுறையினும், அந்தாதி பதினோராந் திருமுறையினும், புராணம் பன்னிரண்டாந் திருமுறையினும் வைக்கப்பட்டன. அம்மையார் பாடல்களும் பதினோராந் திருமுறையிலேயே உள்ளன. மாணாக்கர் இவற்றை வெவ்வேறு காலத்து வெவ்வேறு நூலாகப் பயின்று, ஒன்று மற்றொன்றனோடு பேசுவதனைக் கேளாதே போகின்றனர். சி. கே. சுப்பிரமணிய முதலியாரவர்கள் தம் பேருரையிற் புராணந்தோறும் தொகையையும் வகையையும் முன்வைத்து விரியினைத் தொடங்கிய முறை மிகவும் போற்றத்தக்கது. பெரியபுராணம் பாடஞ் சொல்லுவோர் அம்முறையினைக் கைக்கொண்டு, அந்தந்த அடியார் பாடல்கள் உளவாயின் அவற்றையும் உடன்வைத்துப் படிப்பித்தல் வேண்டும். ஒரு சொல் ஒரு பாட்டாகி, ஒரு பாட்டு 66 பாட்டான நெறியினை மாணாக்கன் ஒருமுறை தானே கண்டு உணர்வனாயின், பிறரிடத்துக் கொள்ளுதற்கு அவன் நாணான். கொண்டதனைக் கொண்டவாறே வைத்தற்கே நாணுவான்.